புள்ளையக் கூட்டிக்கினு போக வந்தவ

"மதர் யாரு?"ன்னு கண்ணாடிக் கதவுக்கு முன்னால நின்ன பொண்ணு இங்கிலீஷ்ல கேட்டா. நானும் என் ஓர்ப்படியும் ஒரே நேரத்துல ஒரு அடி முன்னால வந்தோம்.

அந்தப் பொண்ணு எங்க ரெண்டு பேரையும் மாத்தி மாத்திப் பார்த்தா. மஞ்சள் டீ-ஷர்ட், கழுத்துல விசில். டார்ஜிலிங் பக்கம்னு பின்னால தெரிஞ்சுது. சின்னவளோட ரூம் கார்டை வாங்கி கையில இருந்த டேப்ல தேய்ச்சா. ஸ்கிரீன்ல மூணு மூஞ்சி வந்துது. நடுவுல சின்னவ, ஒரு பக்கம் என் கொழுந்தனாரு, இன்னொரு பக்கம் என் ஓர்ப்படி. என் மூஞ்சி அதுல இல்ல. இருக்காதுன்னு எனக்குத் தெரியும். தெரிஞ்சும் எட்டி எட்டித் தேடினேன். அது என்ன கிறுக்குத்தனம்னு எனக்கே புரியல.

சின்னவளுக்கு ஆறு வயசு. திண்டிவனத்துல எங்க வீட்டுல வளர்றா. என்னை அம்மான்னு கூப்பிடுவா, என் வீட்டுக்காரரை அப்பான்னு கூப்பிடுவா. விழுப்புரத்துல இருக்கிற என் கொழுந்தனாரு சம்சாரத்தை, அதான் என் ஓர்ப்படியை, சித்தின்னு கூப்பிடுவா. அவளைப் பெத்தது அந்தச் சித்திதான். இது சின்னவளைத் தவிர எங்க சொந்தத்துல எல்லாருக்கும் தெரியும். தெருவுல பால் ஊத்தறவருக்குக் கூடத் தெரியும். யாரும் வாயைத் திறக்க மாட்டாங்க.

எங்க பக்கம் இதுக்கெல்லாம் பேப்பர் கிடையாது. அண்ணன் வீட்டுல புள்ள தங்கலைன்னா தம்பி வீட்டுல பொறந்ததுல ஒன்னைக் கொடுப்பாங்க. வாங்கிக்கினு வந்து வளர்க்க வேண்டியதுதான். பொறப்பு சர்ட்டிபிகேட், ஆதார் எல்லாம் பெத்தவங்க பேர்லயே கிடக்கும். ஸ்கூல்ல சேர்க்கும்போது ஹெட்மிஸ்ட்ரஸ்கிட்ட விஷயத்தைச் சொன்னோம். அந்தம்மா தலையை ஆட்டினாங்க, என் வீட்டுக்காரரு கார்டியன்னு கையெழுத்துப் போட்டாரு, அதோட முடிஞ்சுது. மதர் யாருன்னு என்னை அதுவரைக்கும் ஒருத்தரும் கேட்டதில்ல. கேக்கறதுக்கு ஒரு கப்பல் வேண்டியிருந்துது.

ஓர்ப்படி விழுப்புரத்துல காலேஜ் படிச்சவ. நான் கிளியனூர்க்காரி, பத்தாவதோட நின்னவ. இங்கிலீஷ் பேச்செல்லாம் அவ பொறுப்பு. ரெண்டு பேரும் கடகடன்னு பேசினாங்க, எனக்கு அங்கொன்னும் இங்கொன்னுமா புரிஞ்சுது. அது கப்பல்ல புள்ளைங்களை விளையாட விட்டுட்டுப் போற கிளப்பாம். யாரு புள்ளைய விடறாங்களோ அவங்கதான் வந்து கூட்டிக்கினு போகணும். வரும்போது ஒரு ரகசிய வார்த்தை, பாஸ்வேர்டு, சொல்லணும். சொன்னாத்தான் கதவைத் திறப்பாங்க. கடைசியா அந்தப் பொண்ணு என்னைக் கையைக் காட்டி, வேற யாராவது கூட்டிக்கினு போக வருவாங்களா, பேரைச் சேர்க்கட்டுமான்னு கேட்டா. அது மட்டும் எனக்கு நல்லாவே புரிஞ்சுது. என் கார்டை எடுத்து நீட்டினேன்.

"நோ. ஒன்லி மீ"ன்னா ஓர்ப்படி.

என் மூஞ்சியைப் பார்க்கல. டேபிள்ல குனிஞ்சிக்கினு அந்தப் பொண்ணு காதுல என்னமோ சொன்னா. அந்தப் பொண்ணுக்கு வாயில நுழையல போல, திரும்பத் திரும்பக் கேட்டு, சிரிச்சிக்கினே டைப் பண்ணிச்சு. சின்னவ கையில ஒரு பச்சை ரப்பர் பேண்டு மாட்டினாங்க. கதவு திறந்துது. உள்ள பந்து பந்தா கலர்க் குழி, சறுக்கு மரம், செவுரெல்லாம் மீன். ராத்திரி பாத்ரூமுக்குக் கூட என் நைட்டியைப் புடிச்சிக்கினு வர்ற கழுதை, திரும்பிக் கூடப் பார்க்காம ஓடிப் போயிட்டா. நான் கார்டை நீட்டின கையோட நின்னுக்கினு இருந்தேன்.

நாங்க கப்பல் ஏறின கதையைச் சொல்லிடறேன். என் வீட்டுக்காரரு சின்ன வயசுல போர்வெல் வண்டியில பைப் தூக்கினவரு. அப்புறம் தம்பியைச் சேர்த்துக்கினு கூட்டேரிப்பட்டு கூட்ரோட்டுல மோட்டார் ரிப்பேர் கடை போட்டாரு. அது வளர்ந்து பம்ப்செட் ஏஜென்சி ஆச்சு. அண்ணன் திண்டிவனத்துல, தம்பி விழுப்புரத்துல, கடை நடுவுல. அந்த வருஷம் வியாபாரம் நல்லா ஓடுச்சுன்னு கம்பெனிக்காரன் டீலருங்களைக் குடும்பத்தோட கப்பல்ல கூட்டிக்கினு போறேன்னான். சென்னையில ஏறி, கடல்ல சுத்திட்டு, திரும்பச் சென்னையிலயே எறக்கி விடுவான். என் வீட்டுக்காரரு ஆதாரை எல்லாம் போட்டோ எடுத்து அனுப்பி விட்டாரு. அதைப் பார்த்து அவன் ரூம் போட்டான். எங்களுக்கு ஒரு ரூம், ரெண்டே பேரு. தம்பி குடும்பத்துக்கு ஒரு ரூம், அவங்களோட பெரியவளும் சின்னவளும். ஆதார்ல அப்படித்தானே இருக்கு.

"அதுக்கென்ன, நம்ம ரூம்ல படுக்க வெச்சிக்கலாம்"னாரு என் வீட்டுக்காரரு. படுக்க வெச்சிக்கினோம்தான். ஆனா அவ கழுத்துல தொங்கின கார்டு அவங்க ரூம் கார்டு. சாப்பாட்டு ஹாலுக்குள்ள போனா மெஷின்காரன் அவளை அவங்க பின்னால நிக்க வைக்கிறான். லைஃப் ஜாக்கெட் போட்டுப் பழக்கினப்போ அவளை அவங்க வரிசையில சேர்த்தான். எனக்கு முதல் நாளே தலை கால் புரியல. கப்பல்ல எது முன்பக்கம் எது பின்பக்கம்னே தெரியல, எல்லா வராண்டாவும் ஒன்னு போலவே இருக்கு, எல்லாக் கதவும் ஒன்னு. நம்ம ரூம்னு நெனச்சி இன்னொருத்தர் கதவுல கார்டை வெச்சித் தேய்ச்சிக்கினு நின்னேன். உள்ள இருந்து ஒரு ஆளு எட்டிப் பார்த்தான். பேஜாராப் போச்சு.

இந்த நேரத்துல ஒன்லி மீ வேற.

புள்ள இல்லாம கை ரெண்டும் என்ன பண்றதுன்னு தெரியாம தொங்குச்சு. சேலத்து டீலர் சம்சாரம் பக்கத்துல உக்காந்து, "உங்களுக்கு எத்தனைங்க?"ன்னு கேட்டாங்க. "ஒரு பொண்ணு"ன்னேன். சொல்லிட்டு சுத்திப் பார்த்தேன், திருடிட்டு வந்தவ மாதிரி.

என் வீட்டுக்காரரு தட்டு நிறைய எடுத்துக்கினு வந்தாரு. "ஏங்க, அவ ஏன் என் பேரைச் சேர்க்கல?"ன்னு கேட்டேன்.

"ரூல்ஸா இருக்கும்."

"ரூல்ஸ் இல்ல. அந்தப் பொண்ணு சேர்க்கட்டுமான்னு கேட்டா. இவதான் வேணாம்னா."

அவரு மென்னுக்கினே யோசிச்சாரு. அப்புறம் மெதுவா, "தபாரு, கலாட்டா பண்ணிடாத. அவங்களுக்குத் தோணிச்சின்னா புள்ளையத் திரும்பக் கேக்கலாம். நம்மகிட்ட ஒரு துண்டுச் சீட்டு கூட இல்ல"ன்னாரு. சோடா குடிக்கிறவரு மாதிரி சாதாரணமாச் சொன்னாரு. இத்தனை வருஷத்துல அவரு அதை யோசிச்சி வெச்சிருக்காருன்னு எனக்கு அன்னிக்குத்தான் தெரியும்.

புள்ளைய வாங்கின நாளை நான் மறக்கல. ஓர்ப்படியோட அம்மா வீடு முகையூர். பிரசவத்துக்கு அங்க போயிருந்தா. இந்தக் குழந்தைய எங்களுக்குக் கொடுக்கறதுன்னு முன்னாலயே பேச்சு. யாரு முதல்ல அந்தப் பேச்சை எடுத்ததுன்னு இன்னிக்கு வரைக்கும் எனக்குத் தெரியாது. கொழுந்தனாருன்னு என் வீட்டுக்காரரு சொல்லுவாரு, அண்ணன்னு கொழுந்தனாரு சொல்லுவாரு. ஓர்ப்படியை யாரும் கேட்டாங்களான்னு நான் விசாரிக்கல. விசாரிக்கிற நெலமையில நான் இல்ல. புதுத் துண்டு, பால் பவுடர், பாட்டிலு எல்லாம் கூடையில போட்டுக்கினு கார்ல போனேன்.

அவங்க வீட்டு வாசல் பூரா மல்லாட்டை, அதான் வேர்க்கடலை, பறிச்சிப் போட்டு காய வெச்சிருந்தாங்க. உள்ள போகும்போது மிதிச்சிடக் கூடாதுன்னு புடவையைத் தூக்கிக்கினு ஓரமாவே நடந்தேன். ஓர்ப்படி உள்ள கட்டில்ல உக்காந்திருந்தா. குழந்தைய எடுத்து என் கையில வெச்சா. "பால் குடிச்சிட்டுத் தூங்கறாக்கா"ன்னு மட்டும் சொன்னா. அழல. நான்தான் அழுதேன். திரும்பி வரும்போது குழந்தை மூஞ்சியையே பார்த்துக்கினு வந்ததுல காலு எங்க போவுதுன்னே தெரியல. மல்லாட்டை மேலயே நடந்து வந்துட்டேன். வாசல்லயிருந்து கார் வரைக்கும் காலடியில படபடன்னு உடைஞ்சுது. திரும்பிப் பார்த்தேன். அவ கதவைப் புடிச்சிக்கினு நின்னா.

அதுக்கப்புறம் அவ ஒரு நாளும் சின்னவகிட்ட உரிமை கொண்டாடினது இல்ல. தீபாவளி, பொங்கலுக்கு வருவாங்க. சித்தி மாதிரியே டிரெஸ் எடுத்துக்கினு வருவா, சித்தி மாதிரியே ஓரமா உக்காந்து பார்ப்பா, சாயங்காலம் கிளம்பிடுவா. பெரியவளுக்குத் தெரியும், அவ மூணு வயசுல நடந்தது. அவகிட்ட என்ன சொல்லி வெச்சிருந்தாங்களோ, அவளும் தங்கச்சின்னு கூப்பிடறதோட சரி. நானும் நிம்மதியா இருந்துட்டேன். நிம்மதியா இருந்தேன்னா, யோசிக்காம இருந்தேன்.

முதல் நாள் சாயங்காலம் கிளப் கதவுகிட்ட ரெண்டு பேரும்தான் போனோம். பாஸ்வேர்டு சொல்லணும் இல்ல, அதனால அவ முன்னால, நான் பின்னால. என் புள்ளைய வாங்க நான் வரிசையில ரெண்டாவதா நின்னேன். அவ மறுபடி அந்தப் பொண்ணு காதுகிட்டப் போய்ச் சொன்னா. எனக்குக் கேக்கல. அந்தப் பொண்ணு உள்ள போய் என்னமோ சத்தம் போட்டா, பாட்டுச் சத்தத்துல அதுவும் கேக்கல. சின்னவ மூஞ்செல்லாம் புலி மாதிரி பெயின்ட் பூசிக்கினு ஓடி வந்தா. ஓர்ப்படி குனிஞ்சி ரெண்டு கையையும் விரிச்சா. சின்னவ அந்தக் கையைத் தாண்டி வந்து என் இடுப்பைக் கட்டிக்கினா.

ஓர்ப்படி விரிச்ச கையை எடுத்து துப்பட்டாவைச் சரி பண்ணிக்கினா.

எனக்குச் சந்தோஷமா இருந்துது. பொய் சொல்லக் கூடாது, நல்லா வேணும்னு கூட இருந்துது. ரூமுக்கு வந்து சின்னவ மூஞ்சியைக் கழுவி விடும்போது அந்த விரிச்ச கைதான் கண்ணுல நின்னுது. சந்தோஷம் எங்க போச்சுன்னு தெரியல. அவ மேல கோவப்படணுமா, பரிதாபப்படணுமா, ஒன்னும் விளங்கல. அப்புறம் ஒன்லி மீ ஞாபகம் வந்துது. கோவமே சுலபமா இருந்துது, அதையே புடிச்சிக்கினேன். அந்த வார்த்தை என்னவா இருக்கும்னு வேற மனசு அரிச்சுது. சின்னவ பேரா இருக்குமோ. இல்ல, அவ மனசுல சின்னவளுக்குன்னு நாங்க வைக்காத ஒரு பேரு வெச்சிருப்பாளோ. வாய் விட்டுக் கேட்டிருக்கலாம். கேக்கறதுக்கு ரோஷம் விடல.

ரெண்டாவது நாளு காலையில விட்டாச்சு. மத்தியானச் சாப்பாட்டுக்குக் கூட்டிக்கினு வரலாம், லிஃப்ட்டுகிட்ட நில்லுன்னு ஓர்ப்படிகிட்டச் சொல்லியிருந்தேன். நின்னேன், நின்னேன், அவ வரல. அவங்க ரூம் கதவைத் தட்டினேன். கொழுந்தனாரு தூக்கக் கலக்கத்துல வந்து, "இங்க இல்லீங்க அண்ணி"ன்னாரு. கடல்ல போன் எடுக்காது. நேரா கிளப்புக்கு ஓடினேன்.

அந்த டார்ஜிலிங் பொண்ணு சிரிச்சிக்கினே, ஹெர் மம்மி வந்து அப்பவே கூட்டிக்கினு போயிட்டாங்களேன்னு சொன்னா.

கப்பல்ல எங்க போயிட முடியும், சுத்தி தண்ணி. அது புத்திக்குத் தெரியுது, காலுக்குத் தெரியல. ஓடினேன். ஒரு படி ஏறினா கடைவீதி மாதிரி இருக்கு, இன்னொரு படி ஏறினா யாரோ டான்ஸ் ஆடிக்கினு இருக்காங்க. எந்தப் பக்கம் திரும்பினாலும் அதே சிவப்புக் கம்பளம். ஒரு தடவை கிளப் கதவுகிட்டயே திரும்ப வந்து நின்னேன். இந்நேரம் சொல்லியிருப்பா, நான்தான் உன்னைப் பெத்தவன்னு சொல்லியிருப்பா, அதுக்குத்தான் என் பேரைச் சேர்க்கலைன்னு மனசுல ஓடிக்கினே இருந்துது. சின்னவ அதைக் கேட்டுட்டு எப்படி நிப்பான்னு யோசிக்கவே முடியல. என்னை என்னன்னு கூப்பிடுவா. பெரியம்மான்னா? அந்த வார்த்தையை அவ குரல்ல நெனச்சிப் பார்த்தேன், இன்னும் வேகமா ஓடினேன்.

மொட்டை மாடியில, நீச்சல் குளத்துக்குப் பக்கத்துல இருந்தாங்க. சின்னவ ஒரு பெஞ்சுல உக்காந்து உருளைக்கிழங்கு வறுவல் தின்னுக்கினு இருந்தா. ஓர்ப்படி எதிர் பெஞ்சுல. தொடல, ஊட்டல, ஒன்னும் பண்ணல. பார்த்துக்கினு இருந்தா.

"அம்மா, இங்க மேல காத்து பாருங்களேன்"னு சின்னவ கையை ஆட்டினா. அம்மான்னுதான் சொன்னா. எனக்கு மூச்சு வந்துது. மூச்சு வந்ததும் கோவமும் வந்துது. சின்னவளை அந்தப் பக்கம் தண்ணியில காலு நனைக்கப் போகச் சொல்லிட்டு, ஓர்ப்படி முன்னால போய் நின்னேன்.

"எதுக்குடி என்கிட்டச் சொல்லாமக் கூட்டிக்கினு வந்த?"

"திட்டுங்கக்கா"ன்னா. எந்திரிக்கல.

"அவகிட்டச் சொல்லிட்டியா?"

"என்னத்த?"

"தெரியாத மாதிரி கேக்காத."

அவ என்னை நிமிர்ந்து பார்த்தா. "சொல்றதா இருந்தா திண்டிவனத்துல வந்து சொல்ல மாட்டனா? அதுக்குக் கப்பல் ஏறணுமா?"

"அப்ப எதுக்கு என் பேரைச் சேர்க்கல? எதுக்கு ஒன்லி மீ-ன்னு சொன்ன?"

காத்துல துப்பட்டா பறந்து பறந்து மூஞ்சில அடிச்சுது, அதைக் கூட அவ ஒதுக்கல.

"உங்க பேரைச் சேர்த்திருந்தா நீங்கதான் போவீங்க. நான் எதுக்குப் போகப் போறேன்"னா. "புள்ளைய வாங்கப் போனா அந்தப் பொண்ணு உள்ள போய், யுவர் மம்மி இஸ் ஹியர்னு கூப்பிடுதுக்கா. பேரு கொடுக்கும்போது பக்கத்துல ஒரு அம்மாவுக்கு அப்படித்தான் கூப்பிட்டாங்க, நான் பார்த்தேன். எறங்கற வரைக்கும் அதைக் காதால கேட்டுக்கலாம்னு இருந்தேன். அவ்ளோதான். நேத்து பாட்டுச் சத்தத்துல சரியாக் காதுல விழல. அதான் இன்னிக்கு முன்னாலயே போனேன்."

சின்னவ தண்ணியில காலை ஆட்டிக்கினு இருக்கறதை ஒரு தடவை பார்த்துக்கினேன்.

"கூப்பிட்டாங்களா?"ன்னு கேட்டேன்.

"ம். கூப்பிட்டாங்க."

"அவ?"

"எந்திரிச்சி ஓடி வந்தா. கதவுகிட்ட வந்து என்னைப் பார்த்துட்டு, அம்மா வரலையா சித்தின்னு கேட்டா." ஓர்ப்படி லேசாச் சிரிச்சா. "வருவாங்க, அதுக்குள்ள வறுவல் வாங்கித் தர்றேன்னு கூட்டிக்கினு வந்தேன். தப்புதான்."

நான் அவ பக்கத்துல உக்காந்தேன். தோள்ல கை போடலாமான்னு பார்த்தேன். போட்டா நான் என்னமோ தானம் பண்ற மாதிரி இருக்கும், போடலைன்னா கல்லு மாதிரி இருக்கும். கையை மடியிலயே வெச்சிக்கினேன். அவ கொடுத்ததை வெச்சிக்கினுதானே நான் அம்மா. இது எனக்கு ஆறு வருஷமாத் தெரியாமலா இருந்துது. ஆனா அவ அதுக்கு ஏங்குவான்னு ஏன் எனக்குத் தோணல. அழாம கொடுத்தா, அதனால வலிக்கலைன்னு நெனச்சிட்டேன் போல. சின்னவ ஈரக்காலோட ஓடி வந்து எங்க ரெண்டு பேருக்கும் நடுவுல ஏறி உக்காந்தா. மூணு பேரும் கடலைப் பார்த்துக்கினு இருந்தோம். எந்தப் பக்கம் நம்ம ஊருன்னு சின்னவ கேட்டா. ரெண்டு பேரும் வேற வேற பக்கம் கையைக் காட்டினோம்.

கடைசி நாளு காலையிலயும் ரெண்டு மணி நேரம் கிளப் உண்டுன்னாங்க. சாமான் கட்ற நேரம், எல்லாரும் புள்ளைங்களைக் கொண்டு போய்த் தள்ளிட்டு வந்தாங்க. கூட்டிக்கினு வர்ற நேரம் ஆனதும் ஓர்ப்படி எங்க ரூம் வாசல்ல வந்து நின்னா, கூட வர்றீங்களான்னு.

"நீ போ. எனக்கு மடிக்கிற வேலை இருக்கு"ன்னேன்.

அவ போயிட்டா. நான் மடிச்ச துணியையே திரும்பப் பிரிச்சி மடிச்சிக்கினு இருந்தேன். பெரிய மனசு பண்ணிட்டோம்னு ஒரு பக்கம் நெனப்பு. இன்னொரு பக்கம், ஜல்தி போய் நானும் அந்தக் கதவுகிட்ட நிக்கணும்னு காலு பரபரங்குது. எதுக்கு அவளை அனுப்பினோம்னு என் மேலயே எரிச்சலா வந்துது.

சின்னவ தனியா குதிச்சிக்கினு உள்ள வந்தா. ரூம் வாசல் வரைக்கும் சித்தி வந்து விட்டுட்டுப் போயிட்டாங்கன்னா. கட்டில்ல ஏறி நின்னுக்கினு, "அம்மா, அந்த ஆன்ட்டிக்கு ஒன்னுமே தெரியல. சித்தியப் போய் என் மம்மின்னு சொல்றாங்க"ன்னா.

"நீ என்ன சொன்ன?"

"நேத்து ஒன்னும் சொல்லல. இன்னிக்கு டாட்டா சொல்லும்போது, இஸ் ஷி யுவர் மம்மின்னு கேட்டாங்க. எஸ்ஸுன்னு சொல்லிட்டேன்."

"ஏன்?"

"சித்தி சிரிச்சிக்கினு நின்னாங்க. நோன்னு சொன்னா பாவம் இல்ல?" சொல்லிட்டு ஒரு தடவை கட்டில்ல குதிச்சா. அப்புறம் நின்னு, என்னைப் பார்த்து, "ஊர்ல யாராவது கேட்டாலும் எஸ்ஸுன்னு சொல்லட்டுமாம்மா?"ன்னா.

அவ மூஞ்சியைப் பார்த்தேன். விளையாட்டா, என்னன்னு தெரியல. பெரியவ ஏதாச்சும் சொல்லியிருப்பாளா, இல்ல இந்தப் புள்ளைக்கு ரொம்ப நாளாவே தெரியுமா, நாங்கதான் தெரியாதுன்னு நெனச்சிக்கினு இருக்கமா. கேட்டா இல்லாததை நானே சொல்லிக் கொடுத்த மாதிரி ஆயிடும். "எறங்கு, கட்டில் உடையப் போவுது"ன்னு சொல்லிட்டு பெட்டி ஜிப்பை இழுத்தேன். அது துணியில மாட்டிக்கினு வரவே இல்ல.

சென்னையிலயிருந்து எல்லாரும் ஒரே வேன்ல வந்தோம். வர்ற வழியில முதல்ல திண்டிவனம், நாங்க எறங்கிக்கணும். அவங்க அப்படியே கூட்டேரிப்பட்டு வழியா விழுப்புரம் போகணும். நான் வேணும்னே முன் சீட்டுல போய் உக்காந்தேன். சின்னவ பின்னால பெரியவளோட விளையாடிக்கினு வந்தா. செங்கல்பட்டு தாண்டி சாப்பிட்டுட்டு ஏறினதும் சத்தம் அடங்கிப் போச்சு. திரும்பிப் பார்த்தேன். சின்னவ ஓர்ப்படி மடியில தலையை வெச்சித் தூங்கிக்கினு இருந்தா. ஓர்ப்படி ஜன்னல் வெயில் படாம துப்பட்டாவைப் புடிச்சிக்கினு இருந்தா. திண்டிவனம் வர்ற வரைக்கும் அவ கையை எறக்கல. நான் அதுக்கப்புறம் திரும்பல.

மேம்பாலத்துக்குக் கீழ வேன் நின்னுது. நல்ல வெயில், பஸ்ஸெல்லாம் பின்னால ஹாரன் அடிக்கிறான். என் வீட்டுக்காரரு பெட்டிங்களை எறக்கினாரு. நான் சுத்தி வந்து பின் கதவைத் திறந்து ரெண்டு கையையும் நீட்டினேன்.

ஓர்ப்படி சின்னவளைத் தூக்கல. சின்னவ கையில அந்தப் பச்சை ரப்பர் பேண்டு இன்னும் கிடந்துது. ஓர்ப்படி அதை விரலால தடவிக்கினே என்னைப் பார்த்தா.

"பாஸ்வேர்டு சொல்லுங்கக்கா"ன்னா.

கிண்டல் பண்றான்னு நெனச்சி சிரிச்சேன். அவ சிரிக்கல. அழறாளான்னு பார்த்தேன், அதுவும் இல்ல. கொழுந்தனாரு ஜன்னல் பக்கம் மூஞ்சியைத் திருப்பிக்கினாரு. டிரைவர், "சீக்கிரம்மா, இங்க நிறுத்தக் கூடாது"ன்னான். தர மாட்டாளோன்னு நிஜமாவே ஒரு நிமிஷம் தோணிச்சு. அப்படித் தரலைன்னா நடு ரோட்டுல நான் என்ன பண்ணுவேன், யாரைக் கூப்பிடுவேன்.

"எனக்குத் தெரியாதேம்மா. நீ சொல்லவே இல்லையே"ன்னேன்.

கிட்ட வாங்கன்னு தலையை ஆட்டினா. வேனுக்குள்ள பாதி உடம்பை நுழைச்சிக் குனிஞ்சேன். என் காதுல மெதுவா, "மல்லாட்டை"ன்னா.

சொல்லிட்டு அப்பவும் கொடுக்கல, காத்துக்கினு இருந்தா. பின்னால பஸ்காரன் கையை எடுக்காம ஹாரன் அடிச்சான். நானும் மல்லாட்டைன்னு சொன்னேன். அதுக்கப்புறம்தான் புள்ளையத் தூக்கி என் கையில வெச்சா.

"சாப்பிட்டுட்டுத் தூங்கறாக்கா"ன்னா.